பாதி விளை

பரமத்தி ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் முடிந்து கோழிப்பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் நிற்கும் ஹவுசிங் போர்டு குடியிருப்பில், கீழ்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் வசந்தாமணிக்கு முதல் விக்கல் வந்தபோது, அவள் கரண்டியில் இருந்த மாவு கௌசல்யாவின் பாத்திரத்தில் விழாமல் தரையில் விழுந்தது. எதிர்வீட்டுக் கௌசல்யா அதைக் கவனிக்கவில்லை. ஒரு கையில் பாத்திரமும் மறுகையில் போனுமாக நின்று, கடையில் விலை கேட்டாலே தலை சுற்றுகிற புதுப் போனை எவனோ ஒரு புண்ணியவான் பாதிக்கும் கீழே தருகிறான் என்று திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி மறுபடியும் விக்கினாள். தண்ணீர் குடித்தாள், சர்க்கரையை வாயில் போட்டாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள், எதற்கும் நிற்காத விக்கல், கௌசல்யா போனை அணைத்து இடுப்பில் செருகியதும் நின்றது.

"யாரோ நெனைக்கறாங்கக்கா," என்றாள் கௌசல்யா.

"என்னைய நெனைக்க யாரு இருக்கறா? என்ற பையன் ஒருத்தன். அவனும் கடலுக்கு அந்தாண்ட கெடக்கறான்."

அவள் மகன் லோகநாதன் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பி வெளிநாடு போயிருந்தான். போன புதிதில் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். அதற்குப் பிறகு 'நல்லா இருக்கேன்மா' என்று எப்போதாவது ஒரு வரி வருமே தவிர, இவள் கூப்பிட்டால் அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். லாரி ஓட்டிய புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பையன். வேலை அதிகம்போல என்று அவள் நினைத்துக்கொள்வாள், அப்படி நினைத்துக்கொள்வதற்கே தினமும் கொஞ்சம் தெம்பு தேவைப்பட்டது.

அந்த வாரமே கௌசல்யாவின் தம்பிக்கு, அதே இணையப் பக்கத்தில் அவன் பணம் கட்டியிருந்த போன் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தால் துணி துவைக்கும் சோப்பு, அதுவும் பாதி கரைந்தது. கௌசல்யா சோப்பை எடுத்துக்கொண்டு நேராக மாவுக்கடைக்கு வந்தாள். வழியில் படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். ஆளுக்கொரு போனைத் திறந்து நீட்டினார்கள். பெரிய கடைகளின் பக்கத்துக்கு வசந்தாமணி சும்மா நின்றாள். பாதி விலை டிவி, கால் விலை ஹெட்போன், காசே வாங்காமல் தருகிற கைக்கடிகாரம் என்று வந்தவற்றுக்கு விக்கினாள்.

இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசை நின்று பழகிய ஜனங்கள் விக்கலுக்கும் வரிசை நின்றார்கள். காலையில் மாவு, சாயங்காலம் மொபைல் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டார். வரும்போது ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். பட்டறை ஆட்கள் கிரீஸ் கையோடு வந்தார்கள், பண்ணை ஆட்கள் உடைந்த முட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்தார்கள், பஸ் நிலையத்துப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தவர் தன் கடையில் வந்து உட்கார்ந்தால் ஃபேன் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சிலர் பெண் பார்த்த போட்டோவையும் சீட்டுக் கம்பெனி நோட்டீசையும் நீட்டினார்கள். "அதுக்கெல்லாம் வரமாட்டேங்குதுங்க," என்று வசந்தாமணி சொன்னால், அவள் வேண்டுமென்றே விக்காமல் இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு விலா எலும்பெல்லாம் வலித்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர விக்கலை எடுக்கவில்லை. விக்கி விக்கி அந்தப் பக்கங்களின் லட்சணம் அவளுக்கே பிடிபட்டது. நேரம் முடியப்போகிறது என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் இரண்டே பாக்கி என்று நேற்று சொன்னது இன்றைக்கும் இரண்டே பாக்கி இருக்கும். பெரிய கடையின் பேரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். பொருள் வந்த பிறகு பணம் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாது. "உள்ளத விக்கறவன் எதுக்குங்க இப்படித் தொரத்தறான்?" என்று அவள் கேட்பாள். ஆனால் யாரும் காரணம் கேட்க வரவில்லை. விக்கல் வந்தால் அவர்கள் முகம் சுண்டிப்போகும், அந்தப் போனில் ஏற்கனவே பேசிப் பார்த்துவிட்டவர்கள்போல, அந்த டிவியைச் சுவரில் மாட்டிவிட்டவர்கள்போல, எதையோ இவள் பிடுங்கிக்கொண்டாள் என்று நிற்பார்கள். வாங்கு என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தார்கள். நாளெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது மாவாட்டுவதைவிட அலுப்பான வேலை என்று வசந்தாமணி கண்டுகொண்டாள்.

வரிசைக்கு வராதவர் மூன்றாவது மாடித் தண்டபாணி ஒருவர்தான். ரிட்டயரான கண்டக்டர், தனி ஆள், எதிரே வந்தாலும் பேசமாட்டார். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய டிவி மாட்டுவதற்கான இரும்புச் சட்டம் மட்டும் வெறுமையாக நிற்பதைத் துணி காயப்போடப் போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்கள்.

பிறகு கௌசல்யாவின் மகள் ஹரிணி காலேஜில் சேர்ந்தாள். லேப்டாப் வேண்டும். ஹரிணி காட்டிய பக்கத்துக்கு வசந்தாமணிக்கு விக்கல் வரவில்லை. திரும்பத் திரும்பக் காட்டியும் வரவில்லை. கடிகாரம் ஓடியது, இரண்டே பாக்கி என்றது, வசந்தாமணியின் வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. ஆனால் கௌசல்யா முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்து, தன் கண்ணைவிட விக்கலுக்கே அதிகம் தெரியும்போல என்று பேசாமல் இருந்துவிட்டாள். பணம் போனது. பொருள் வரவில்லை, சோப்புகூட வரவில்லை.

கௌசல்யா சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து பாக்கெட் மாவு வாங்கினாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் வசந்தாமணிக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவளே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ஹரிணியைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, எனக்கு விக்கல் வந்த பக்கமெல்லாம் உன்ற போன்ல இருக்குமா? அதையும் இந்த லேப்டாப்பையும் சத்தமாப் படி. எனக்கு ஏன் இதுக்கு மட்டும் வரலைன்னு தெரியோணும்."

ஹரிணி படித்தாள். லேப்டாப் பக்கத்தைப் படித்தபோது வசந்தாமணி சும்மா இருந்தாள். மற்றதைத் திறந்ததும் விக்கல் தொடங்கியது, ஹரிணி ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தாள்.

"எல்லாத்துலயும் தப்புத் தப்பா எழுதியிருக்கான் பெரியம்மா. 'பாதி விளை'ன்னு. விலைக்கு விளைன்னு போட்டிருக்கான். எல்லாத்துலயும் அப்படியே."

வசந்தாமணி எழுந்து போனை வாங்கிப் பார்த்தாள். விளை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குட்டியும் திருந்தாத ளகரம், அவன் சின்ன வயதில் எழுதிக்கொடுத்து இன்றைக்கும் அவள் வாசலில் தொங்குகிற மாவுப் பலகையில் ஊரே பார்த்துக் கேலி செய்கிற ளகரம். அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். விக்கல் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"லோகு எழுதறான் கண்ணு," என்றாள். "ஒவ்வொரு தடவை எழுதறப்பவும் என்னைய நெனைக்கறான்."

இதை அவள் மறைத்துவைக்கவில்லை. மறுநாள் காலை வரிசையில் நின்றவர்களிடம், மாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள். எனக்கு விக்கல் வருவதெல்லாம் என் பையன் செய்கிற பக்கத்துக்குத்தான், மற்ற திருட்டுத்தனமெல்லாம் எனக்குத் தெரியாது, யாராவது ஏமாந்திருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பாத்திரத்தை நீட்டவில்லை. திருடனைப் பெற்றவள் என்று பட்டறைக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். சாகாமல் இருக்கிறானே அதுவரைக்கும் சரி என்று பண்ணையில் வேலை செய்யும் ஒருத்தி சொன்னாள். செயலாளர் நோட்டீஸ் பலகையில் எழுதியிருந்ததை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு எப்போதும்போல வரிசை நகர்ந்தது. அன்று சாயங்காலம் கௌசல்யா பாத்திரத்தோடு வந்து, மாவு வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் போனைத் திறந்து காட்டி, "இன்னைக்கு ஒண்ணு வந்திருக்குதுக்கா, பாத்துக்கங்க," என்றாள். அதற்குப் பிறகு குடியிருப்புக்காரர்கள் வாங்குவதற்காக இல்லாமல், அவளுக்குப் பையன் கதை தெரியட்டும் என்று பாதி விலைகளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவள் விக்கினால், "நல்லாத்தான் இருக்கறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வசந்தாமணி போய்ப் பார்த்த சைபர் கிரைம் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், ஆனால் ரொம்பக் களைத்தவர். வேலை என்று கூட்டிப்போய் அடைத்துவைத்து இந்த மாதிரிப் பக்கங்கள் செய்யச் சொல்லி அடிக்கிறார்கள், உங்கள் பையன் மாதிரி நிறையப் பையன்கள் என்றார். எந்த இடம் என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்றார். பக்கங்களைப் பார்த்தால் உடனே புகார் கொடுங்கள், மூடிவிடலாம் என்றும் சொன்னார்.

"மூடினா?" என்று வசந்தாமணி கேட்டாள். "ஆளுங்க ஏமாறலைன்னா அந்தப் பசங்கள என்ன பண்ணுவாங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "சாப்பாடு குறைப்பாங்க. அடிப்பாங்க. எதுக்கும்மா கேக்கறீங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு விக்கலுக்கும் நல்லது, கெட்டது என்று இரண்டு பக்கம் வந்துவிட்டது. சேலத்திலிருந்து விஷயம் கேள்விப்பட்டு வந்த ஒரு புது மாப்பிள்ளை, மனைவிக்கு என்று ஒரு போனைக் காட்டினான். அவள் விஷயம் அவனுக்கு முழுதாகத் தெரியாது. அவள் பல்லைக் கடித்து விக்கலை அடக்கினாள். இவன் ஏமாந்தால் அங்கே லோகுவுக்கு இன்று அடி இல்லை. மாப்பிள்ளை கட்டைவிரலைத் திரைமேல் வைத்துக் காத்திருந்தான், நெஞ்சுக்குள் அது முட்டிக்கொண்டு நின்றது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"வேண்டாம் சாமி, அது பொய்யி," என்றாள். அவன் போன பிறகு அன்று கிரைண்டரைப் போடவில்லை. சாப்பிடவும் இல்லை. மகன் சாப்பாட்டைத் தான் எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

அப்போதுதான் மூன்றாவது மாடியிலிருந்து தண்டபாணி இறங்கி வந்தார். வாசலிலேயே நின்றார். ஹரிணி அங்கே இருந்தாள், அவளை அனுப்பிவிடச் சொல்லலாமா என்று யோசித்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"ஏனுங்க, நானும் ஏமாந்தவன்தான். டிவிக்குக் கட்டினேன். வரல. வரி, இன்சூரன்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, நானும் கட்டிக்கிட்டே இருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டார். "டிவி வராதுன்னு தெரியும். அதுல அனிதான்னு ஒரு பொண்ணு எழுத்துல பதில் போடும். காலையில எந்திரிச்சா யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசோணுமில்லீங்க. அந்தப் பொண்ணும் விளைன்னுதான் எழுதுது."

அவர் போனைத் திறந்தார். வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப்போடும்படி விக்கல் வந்தது. மூன்று பேரும் மாவு வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். தண்டபாணி ஒற்றை விரலால், இங்கே மாவுக்கடை வசந்தாமணி இருக்காங்க என்று எழுதி அனுப்பினார். அந்தப் பக்கம் எழுதுவதுபோலப் புள்ளிகள் வந்தன, நின்றன, வந்தன, நின்றன. பிறகு பதிலை ஹரிணி படித்தாள்.

"மேடம், பெயர் எதுவும் இங்கே சொல்ல வேண்டாம். எல்லாம் கண்காணிக்கப்படுகிறது. ஆர்டரைப் பற்றி மட்டும் கேளுங்கள்."

வசந்தாமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஆர்டரப் பத்தியே கேளுங்க," என்றாள். "பொருள் நல்லாயிருக்குதான்னு கேளுங்க."

தண்டபாணி எழுதினார். பதில் வந்தது: "பொருளில் கொஞ்சம் டேமேஜ் உள்ளது மேடம். ஆனால் வேலை செய்கிறது."

"எந்தப் பக்கம்னு கேளுங்க."

"இடது பக்கம். பரவாயில்லை மேடம்."

"டேமேஜ் ஆனாலும் எங்களுக்கு அதுதான் வேணும்னு சொல்லுங்க. திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

"இங்கிருந்து எதுவும் தானாக வெளியே போகாது மேடம். ஆள் வந்து எடுத்தால்தான் உண்டு."

"எங்க இருக்குதுன்னு கேளுங்க."

இந்தத் தடவை புள்ளிகள் ரொம்ப நேரம் ஆடின. "பார்சல் ஆற்றோரக் கிடங்கில் உள்ளது. நீலத் தகரக் கூரை. பின்னால் மூடிப்போன ஹோட்டல், மேலே சிங்கம் பொம்மை. நம்ம பக்கத்துப் பார்சல் நிறைய உள்ளது மேடம்." உடனே இன்னொரு வரி வந்தது. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியது எதையும் ஆர்டர் பாஷையில் கேட்க முடியாது. "பொருளப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க," என்றாள்.

"நிச்சயமாக மேடம். எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி."

சாயங்காலம் அந்தப் பக்கம் காணாமல் போயிருந்தது. ஹரிணி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வசந்தாமணியும் கௌசல்யாவும் சப்-இன்ஸ்பெக்டரிடம் போனார்கள், கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள், இந்த மேஜை இல்லை அந்த மேஜை என்று போனார்கள், எல்லா மேஜையிலும் தகரக் கூரையையும் சிங்கத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மழைக்காலம் முடிந்தது. விக்கல் வரவில்லை. குடியிருப்பில் உள்ளவர்கள் வேலை முடிந்து வந்து களைத்த கண்ணோடு பொய்ப் பக்கங்களைத் திறந்து திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். எத்தனை பொய் இருக்கிறது உலகத்தில் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது, எல்லாவற்றிலும் விலை சரியாக எழுதியிருந்தது. விலா வலி போய்விட்டது. வலி இருந்த இடம் வெறிச்சென்று இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

பங்குனியில் அவன் வந்தான். அந்த ஆற்றோரக் கிடங்குக்குள் அந்த நாட்டு ராணுவம் நுழைந்ததாகவும், பையன்களை விமானத்தில் ஏற்றி அனுப்பியதாகவும் டிவியில் சொன்னார்கள்; ஆட்டோவிலிருந்து இறங்கியவன் பாதி ஆளாக இருந்தான். இடது காது கேட்கவில்லை. அவள் அவனுடைய வலது காதுப் பக்கமாக நடந்து உள்ளே கூட்டிப்போனாள். எழுந்து சாப்பிடுவதும் திரும்பத் தூங்குவதுமாக இருந்தான், மாவு வாங்க வந்தவர்கள் பாத்திரம் சத்தம் போடாமல் நின்று வாங்கிப் போனார்கள்.

தண்டபாணி அவன் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். "நீதான் அனிதாவா?" என்றார்.

லோகநாதன் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெனமும் சாப்டீங்களான்னு கேப்பியே. அதுவும் அவனுங்க சொல்லிக்குடுத்ததா?"

"இல்லீங்க ஐயா," என்றான். "அது நானாக் கேட்டதுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனார். அடுத்த நாள் காலை லோகநாதன் மூன்று மாடி ஏறி அவருக்கு மாவு கொண்டுபோய்க் கொடுத்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்; திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

கொஞ்சம் தெளிந்த பிறகு ஒருநாள் ஹரிணி தன் போனைக் கொண்டுவந்தாள். பெரிய ஹெட்போன், கால் விலை. லோகநாதன் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது அருள்தாஸ் எழுதினதும்மா," என்றான். "மீமிசல் பக்கத்து ஆளு. எனக்குப் பக்கத்துப் படுக்கை. எதை எழுதினாலும் கடைசியில ஒரு அன்புடன் போடுவான், அடிச்சாலும் போடுவான். நாங்க வர்றதுக்கு முந்தின நாள் அவனையும் சில பேரையும் வேற எடத்துக்கு ஏத்திட்டாங்க." அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "அவங்க அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

வசந்தாமணி கிரைண்டரை நிறுத்தினாள். அவளுக்கு எங்கேயும் போகத் தெம்பில்லை. இத்தனை நாள் சேர்ந்த தூக்கம் எல்லாம் இப்போதுதான் கண்ணில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனாலும் மறுநாள் கடைக்கு லீவு என்று கௌசல்யாவிடம் சொல்லிவிட்டு, மகனை இடது பக்கம் உட்காரவைத்துக்கொண்டு திருச்சிக்கு ஒரு பஸ், புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ் என்று மாறி மாறிப் போனாள். கடல் காற்று வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், லோகநாதன் எழுப்பினான்.

மீமிசலில் டீக்கடைக்காரர் வீட்டைக் காட்டினார். "அருள்தாஸ் அம்மா ஜெசிந்தாவா? போய்ப் பாருங்க. பாவம், அதுக்குச் சாப்பாடே எறங்க மாட்டேங்குது. வாயில வச்சாப் புரையேறுது. பார்க்காத டாக்டர் இல்ல, எலும்பாப் போச்சு."

வீட்டுக்குள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யார் என்று கேட்கத் தலையைத் தூக்கினாள்; வாயிலிருந்த கவளம் புரையேறி, இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, தட்டைத் தள்ளினாள். வசந்தாமணி பையைக் கீழே வைத்தாள். பெயர்கூடச் சொல்லாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் தன் உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள்.

"உங்க பையன்தானுங்க," என்றாள். "உசுரோட இருக்கறான். நெனைக்கறான்."